மூன்று நாள் மிராண்டா

கனடாவில் வாகனங்கள் தெருவின் வலப்பக்கமாக ஓடும் என்பது எனக்கு விமானம் ஏறுமுன்பே தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, கால் அதன்படி நடப்பது வேறு. மல்வேர்னில் தங்கச்சி வீட்டுக்கு எதிரே, அவள் சொன்ன இலக்கப் பஸ்ஸுக்காக, மன்னாரில் எந்தப் பக்கம் நிற்பேனோ அந்தப் பக்கத்தில் நின்று ஏறினேன். நல்ல பஸ். இருக்கை மெத்தை, டிரைவர் காலை வணக்கம் வேறு சொன்னார். அஜின்கோர்ட்டுக்குப் போகவேண்டிய என்னை நேர் எதிர்த்திசையில் கொண்டுபோனார், அவ்வளவுதான்.

இருபது நிமிடம் கழித்து, ஆஸ்பத்திரி வேலை உடுப்போடு பக்கத்தில் இருந்த ஒரு இளம் பெண் என் கையிலிருந்த துண்டுக் கடதாசியை எட்டிப் பார்த்தாள்.

"ஓ மை கோட், அன்ரி, திஸ் இஸ் த றோங் வே. நீங்க இறங்கி ஒப்போசிற் சைட்ல நிண்டு எடுக்கோணும்."

"ஏன் பிள்ளை, உதே பஸ்தானே?"

"ஓம் அன்ரி, உதே பஸ்தான். ஆனா அது போகுது, மற்றது வருகுது."

அந்தப் பிள்ளை என்னோடு இறங்கி, தெருவைக் கடக்கவைத்து, மற்றப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பன்னிரண்டு மணிக்குள் ஒரு வெள்ளை ஷேர்ட்டில் நான் ஒரு பெயரைத் தைத்து முடித்திருக்கவேண்டும்.

நான் மன்னார்த் தீவில் பேசாலையில் தையற்கடை வைத்திருப்பவள். வயது ஐம்பத்தெட்டு. பள்ளிச் சீருடை, கல்யாணச் சட்டை, சுவாமிமாரின் அங்கி எல்லாம் என் கைபட்டுத்தான் போகும். தங்கச்சி றீற்றா ரொறொன்ரோவில் முப்பது வருடமாக இருக்கிறாள், அவளும் தையல்தான். அவளுடைய கண்ணில் புரை வெட்டினார்கள். குனியாதே, பாரம் தூக்காதே, ஊசியைத் தொடாதே என்று டொக்ரர் சொல்லிவிட்டார். கணவர் காலமாகிவிட்டார், மகன் வேறு மாகாணத்தில் வேலை. சமைத்துப்போடவும் கண்ணுக்கு மருந்து விடவும்தான் நான் வந்தேன். முதல்தரம் விசா இல்லை என்றார்கள். இரண்டாம்தரம், நான் திரும்பிப் போவேன் என்று நம்பவைக்க என் கடையையும் அதன் நான்கு மெஷின்களையும் படம்பிடித்து அனுப்பினேன். மெஷின்களை நம்பித்தான் விட்டார்கள்.

றீற்றா வேலை செய்யும் கடை அஜின்கோர்ட்டில், ஒரு மரக்கறிக் கடைக்கும் ஒரு பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிறது. முதலாளி நஸார் எங்கள் தீவுக்காரர், எருக்கலம்பிட்டி. விளையாட்டு உடுப்புகளுக்கு இலக்கமும் பெயரும் வைப்பதுதான் அவருடைய தொழில். பள்ளிக்கூடங்கள், கழகங்கள், அதற்கெல்லாம் மேலே நகரத்தின் பெரிய பேஸ்போல் அணி. அந்த அணிக்குத் திடீரென்று ஒரு புது ஆட்டக்காரர் வந்தால், அன்றைய ஆட்டத்துக்கு முன் அவருடைய பெயர் ஷேர்ட்டின் முதுகில் ஏறியாகவேண்டும். நஸாருக்குப் போன் வரும், நஸார் றீற்றாவைக் கூப்பிடுவார். பத்து வருடமாக அந்தத் தையலை றீற்றா வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. நகரம் பேப்பரில் படிப்பதற்கு முன்பே யார் வருகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அன்று காலை போன் வந்தபோது அவளுடைய ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி இருந்தது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீ போறியே?"

சம்பளம் கிடையாது, தங்கச்சிக்கு ஒரு கையுதவி என்று சொல்லிக்கொண்டு என் தையல்பெட்டியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பஸ் கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

நஸார் வாசலில் நின்றார்.

"என்ன அக்கா, இவ்வளவு நேரமும் எங்க போனீங்க? ஒரு மணிக்குச் ஷேர்ட் கிரவுண்டில நிக்கவேணும்."

"பதறாதேங்கோ. தைக்கிறவள் பதறினா துணி சுருங்கும்."

தடித்த துணியில் வெட்டிய ஏழு எழுத்துகள் மேசையில் கிடந்தன. ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன். மிராண்டா. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அம்மா வீட்டுப் பெயர் மிராண்டா. பேசாலையில் கல்லை எறிந்தால் ஒரு மிராண்டாவின் கூரையில் விழும். ஆள் கரீபியன் தீவுக்காரர் என்றார் நஸார். எங்களுக்குப் போர்த்துக்கேயன் வைத்துவிட்டுப் போன பெயரை அங்கே ஸ்பானியன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

எழுத்துகளை வில்போல வளைத்து வைக்கவேண்டும். எண்ணிப் பார்த்து நடு எழுத்தை முதுகெலும்பில் வைப்பவர் கற்றுக்குட்டி. இரண்டாவது எழுத்து ஒல்லி, முதலாவது அகலம். எல்லாவற்றையும் கூட்டி அளந்து நடுவைப் பிடித்தேன். நஸார் என் தலைக்கு மேலே நின்று பார்த்தார். மூன்றாம் எழுத்து முடிந்ததும், "றீற்றாக்கா மாதிரித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனார். றீற்றாவுக்குத் தைக்கப் பழக்கியவளே நான்தான் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தைக்கும்போதே ஆளைப் பற்றிச் சொன்னார். அணியில் இரண்டு கச்சர்கள் உண்டு. கச்சர் என்றால் எங்கள் விக்கெட் கீப்பர் மாதிரி, குந்தியிருந்து பந்து பிடிப்பவர். இரண்டாவது கச்சரின் மனைவிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. பிள்ளை பிறந்தால் ஆட்டக்காரருக்கு மூன்று நாள் லீவு. அந்த மூன்று நாளுக்கு மட்டும்தான் இந்த மிராண்டா. வயது முப்பத்தொன்று. பதினொரு வருடமாகச் சின்ன லீக்கில், சின்னச் சின்ன ஊர்களில் ஆடிக்கொண்டிருந்தவர். பெரிய லீக்கின் வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை.

"அப்ப இண்டைக்கு ஆடுவாரோ?"

"அதுதான் தெரியாது அக்கா. இவர் ஸ்பெயர் ரயர் மாதிரி. முன் ரயர் வெடிச்சாத்தான் இவரை எடுப்பினம். ஒரு பந்தெண்டாலும் ஆடினா ஆடினவர் எண்ட கணக்கு. ஆடாமல் மூண்டு நாளும் குந்தியிருந்திட்டுப் போனா, வந்ததாகவே ஒருத்தரும் எழுதமாட்டினம்."

தைத்து முடித்து, நூல் வெட்டி, ஷேர்ட்டை உதறினேன். அதன்பிறகு என் கை செய்ததற்கு நான் பொறுப்பு என்றாலும், புத்தி பொறுப்பில்லை. எங்கள் கடையில் யாருடைய புது உடுப்பாக இருந்தாலும், சைவரோ வேதக்காரரான கிறிஸ்தவரோ, உள்மடிப்பில் மஞ்சளைத் தொட்டு வைத்துத்தான் கொடுப்போம். இல்லாவிட்டால் சனம் வாங்காது. என் தையல்பெட்டியில் எப்போதும் ஒரு மஞ்சள் துண்டு கிடக்கும். அதைத் தேநீர்க் கோப்பையின் விளிம்பு ஈரத்தில் தொட்டு, ஷேர்ட்டின் கீழ் மடிப்பில், காற்சட்டைக்குள் போகும் இடத்தில், ஒரு பொட்டு வைத்துவிட்டேன். நஸார் பார்க்கவில்லை. நானே அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அன்று மாலை றீற்றாவின் சோபாவில் இருந்து, மீன் குழம்பும் புட்டும் சாப்பிட்டுக்கொண்டே ஆட்டம் பார்த்தோம். பேஸ்போல் என்றால் பெரும்பாலும் நிற்பது, துப்புவது, தொப்பியைச் சரிசெய்வது என்று கண்டுகொண்டேன். நடுநடுவே ஒருவன் அடிக்கிறான். மிராண்டா குழிபோன்ற ஓர் இடத்தில் வாங்குப் பலகையில் இருந்தார். உயரம் குறைவு, தோள் அகலம், தாடியில் இரண்டொரு நரை. ஒருமுறை தண்ணீர் எடுக்க எழும்பித் திரும்பினார். என்னுடைய ஏழு எழுத்துகளும் திரை முழுக்க நின்றன. கனடா வந்து எட்டு நாளில் எனக்கு நெஞ்சு நிறைந்தது அப்போதுதான்.

கடைசிவரை இழுபறி ஆட்டம், ஒரு ஓட்டத்தில் தோற்றார்கள். மிராண்டா எழும்பவே இல்லை. "முதல் கச்சரை வெளியில எடுத்தாத் திருப்பி இறக்கேலாது. பிறகு இவருக்கு அடிபட்டா ஆளில்லை. அதுதான் கோச் இவரை எடுக்கிறேல்லை" என்றாள் றீற்றா. கலியாண வீட்டுக்கு மாற்று மாப்பிள்ளையாக ஒருவரைக் கூட்டிவந்து பந்தியிலும் இருத்தாமல் வைத்திருப்பது மாதிரி எனக்குப் பட்டது. கொஞ்சம் கோபமும் வந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நஸார் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"றீற்றாக்கா, ஷேர்ட்டில ரத்தமாம். ரத்தக் கறையோட ஆட விடமாட்டினமாம். கிரவுண்டில உடுப்புப் பார்க்கிற மனுசன் என்னைக் கிழிக்கிறான். ஊசி குத்தினதோ எண்டு கேக்கிறான்."

பையைத் திறந்தார். கீழ் மடிப்பில் குங்குமச் சிவப்பில் ஒரு பொட்டு. நேற்றிரவு சோப்பில் துவைத்திருக்கிறார்கள். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரொறொன்ரோவின் பேஸ்போல் அணிக்கு எப்படித் தெரியும்?

றீற்றா ஒற்றைக் கண்ணால் ஷேர்ட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா! மஞ்சள் பூசினியோ?"

"பூசேல்லை. தொட்டனான்."

நஸார் கதிரையில் இருந்துவிட்டார். பத்து வருட வாடிக்கை, ஒரு பொட்டோடு போய்விடும் என்றார். மெல்லிய குரலில்தான் சொன்னார், அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

பிழை என்னுடையது, ஆனால் அதற்கு மருந்தும் என்னிடம்தான் இருந்தது. தேசிக்காயை வெட்டிப் பிழிந்தேன், சிவப்பு மறுபடி மஞ்சளானது. நன்றாக அலசினேன், பாதி போனது. மிச்சத்தை எடுக்க வெயில்தான் வேண்டும். ஆனால் றீற்றாவின் வீட்டு வாசலில் காலையில் நிழல். மூவரும் நஸாரின் காரில் கடைக்குப் போய், கடைக்கு முன்னால் கார் நிறுத்துமிடத்தின் நடுவே, காரின் பொனட்டில் ஒரு வெள்ளைத் துவாயை விரித்து, அதன்மேல் பெரிய லீக் ஷேர்ட்டைக் காயப்போட்டோம். மஞ்சளுக்கு வெயில் ஆகாது, தின்றுவிடும்.

இரண்டு மணிநேரம் காவல் நின்றேன். ரொறொன்ரோவின் வெள்ளைக் கடற்காகங்கள் எதிரிலிருந்த கொத்துரொட்டிக் கடையின் குப்பைக்காக அங்கே வட்டமிட்டன. ஒவ்வொன்றையும் கைவீசிக் கலைத்தேன். மரக்கறிக் கடைக்கு வந்த ஒருவர் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்.

"அன்ரி, உது விக்கிறதோ? எவ்வளவு?"

"விக்கிறேல்லை. வெயிலை மறைக்காமல் தள்ளி நில்லுங்கோ."

பதினொரு மணிக்குப் பொட்டு இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. நஸார் ஷேர்ட்டைக் கொண்டுபோனார். மைதானத்தில் உடுப்புப் பார்க்கிறவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாராம்: ஊரிலிருந்து வந்த தையற்காரி, புது உடுப்புக்கு நன்மை நினைத்துப் பூசியது. அந்த மனிதர் சிரித்தாராம். இங்கே ஒருவன் வென்றால் காலுறையைத் துவைக்கவே விடமாட்டான், இதெல்லாம் ஒன்றுமில்லை என்றாராம். பக்கத்தில் நின்ற மிராண்டா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய் இரண்டு ரிக்கற்றோடு வந்தாராம். குடும்பத்துக்கென்று அணி கொடுத்தவற்றில் இரண்டு மிச்சம். தகப்பனுக்கும் தம்பிக்கும் வைத்தது, விசா கிடைக்கவில்லை. தையற்காரி ஞாயிறு வந்து பார்க்கட்டும் என்று கொடுத்துவிட்டார்.

நஸார் அந்த இரண்டு ரிக்கற்றையும் என் முன்னால் வைத்தார். விசா மறுத்த கடிதத்தை நானும் ஒருமுறை வாசித்தவள். மூன்று நாள் அவகாசத்தில் எந்தத் தூதரகம் ஒரு தகப்பனை நம்பும்?

சனிக்கிழமை ஆட்டத்திலும் அவர் வாங்கில்தான். இந்த முறை ஒரு ஓட்டத்தால் வென்றார்கள். நகரம் சந்தோசப்பட்டது, நான் படவில்லை. மஞ்சள் வைத்துச் சிவக்கவைத்த என் கையால்தான் அந்த மனிதனுக்கு ஆகாமல் போகிறதோ என்று படுக்கையில் கிடந்து யோசித்தேன். அப்படி யோசிப்பது மூடத்தனம் என்றும் தெரியும். தெரிந்தும் யோசித்தேன்.

ஞாயிறு காலை தமிழ்ப் பூசைக்குப் போனோம். பூசை முடிந்து அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றேன்.

"என்ன கேட்டனி?" என்றாள் றீற்றா.

"இண்டைக்கு இவங்கள் நல்லாத் தோக்கவேணும் எண்டு கேட்டனான்."

"அக்கா! மெல்லமாக் கதை. சனம் கேட்டா எங்களைக் கலைச்சுப்போடும்."

"ஆட்டம் கைவிட்டுப் போனாத்தானே அந்தக் கோச் பயப்பிடாமல் அவரை எடுப்பான்."

"பெருவெற்றி கேட்டிருக்கலாமே. அப்பவும் எடுப்பான்தானே?"

"உங்கட அணியை ரெண்டு நாளாப் பாக்கிறன். எது கெதியாக் கிடைக்குமோ அதைத்தானே கேக்கலாம்?"

அவள் முப்பது வருடமாக அந்த நகரத்தில் வரி கட்டுகிறவள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பஸ்ஸில் ஏறியதும் அவளே தொடங்கினாள்: "எட்டு ஓட்டத்தால தோத்தாப் போதும்."

மைதானம் ஒரு பெரிய கிண்ணம், கூரையை இழுத்துத் திறந்துவிட்டிருந்தார்கள். கையில் கடலைப் பெட்டியும் தொப்பியுமாகச் சனம். எங்கள் பையில் அஜின்கோர்ட்டில் வாங்கிய மீன் கட்லற் பன்னிரண்டு. வாசலில் பையைத் திறந்து பார்த்த பாதுகாவலர் அதை முகர்ந்துவிட்டு, போங்கள் என்றார். றீற்றா கறுப்புக் கண்ணாடியும் அகலத் தொப்பியுமாக, சினிமாவில் ஆள்கடத்த வந்தவள் மாதிரி இருந்தாள்.

எங்கள் இடம் ஆட்டக்காரரின் குடும்பங்கள் இருக்கும் பகுதியில். எங்களுக்குப் பக்கத்தில் எழுபது வயதிருக்கும் ஒரு பருத்த அம்மா, அவருடைய முதுகிலும் மிராண்டா என்று இருந்தது. கடையில் சூடுவைத்து ஒட்டிய எழுத்து, ஓர் ஓரம் கிளம்பத் தொடங்கியிருந்தது. என்னால் சும்மா இருக்கமுடியவில்லை, விரலால் அமத்திவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

றீற்றா பதினைந்து வருடம் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் ஸ்பானியப் பெண்களோடு வேலை செய்தவள். மெஷின் மேசையில் கற்ற அந்த ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் பேசினார்.

"என்ன சொல்லுறா?"

"மஞ்சள் பூசின பொம்பிளை நீதானோ எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லு. மன்னிப்பும் கேள்."

"அவ சிரிக்கிறா அக்கா. என்னத்துக்கு மன்னிப்பு?"

அவர் மிராண்டாவின் தாய். அமெரிக்காவில் மகள் வீட்டில் இருப்பதால் அவரால் வர முடிந்தது. அந்தப் பக்கம் மிராண்டாவின் மனைவி, நகத்தைக் கடித்தபடி, யாரையும் பார்க்காமல். தகப்பன் ஊரில். தாயின் மடியில் போன், ஒலிபெருக்கியில் தகப்பன். ஊரில் கரண்ட் போய்விட்டதாம், தொலைக்காட்சி இல்லை. தாய்தான் பந்துக்குப் பந்து சொல்லிக்கொண்டிருந்தார். கரண்ட் போகும் ஊர் என்றதும் எனக்கு அவர்கள் இன்னும் கிட்ட வந்தார்கள். கட்லற்றை நீட்டினேன். கடித்துவிட்டு, உறைப்பில் கண் கலங்க, இன்னொன்று கேட்டார்.

"பதினொரு வருசமா அவன் பஸ்ஸிலதான் ஊர் ஊராப் போய் ஆடினவனாம்" என்று றீற்றா மொழிபெயர்த்தாள். "ஒவ்வொரு வருசமும் இந்த வருசத்தோட விட்டிட்டு வாறன் எண்டு தகப்பனுக்குச் சொல்லுவானாம். தகப்பன், இன்னும் ஒரு வருசம் பார் எண்டு சொல்லுவாராம். இந்த முறை தகப்பனும் வா எண்டிட்டாராம். அதுக்குப் பிறகுதான் கூப்பிட்டவையாம்."

நாளைக்குப் பிள்ளை பெற்றவளின் கணவர் வந்துவிடுவார். மிராண்டா இன்று மைதானத்தில் காலை வைக்காவிட்டால் பதினொரு வருடமும் வாங்கோடு முடிந்துவிடும். இன்னொரு அழைப்பு வரும் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

அந்தோனியார் கைவிடவில்லை. ஐந்தாம் சுற்றிலேயே எட்டு ஓட்டம் பின்தங்கினார்கள். சுற்றியிருந்த சனம் தலையில் கைவைத்தது. நானும் றீற்றாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்திருப்போம். ஏழாம் சுற்றில் குடும்பங்கள் எழும்பிப் போகத் தொடங்கின. எட்டாம் சுற்றில் எனக்கு முன்னால் மூன்று வரிசை வெறுமை. கோச் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னும் என்னத்தைப் பாக்கிறான் உவன்?" என்று நான் சத்தமாகவே கேட்டேன். தமிழ் தெரியாத மிராண்டாவின் தாய் தலையை ஆட்டினார்.

ஒன்பதாவது, கடைசிச் சுற்று. பேஸ்போலில் ஒரு சுற்றுக்கு மூன்று பேர் அவுட்டானால் முடிந்தது. முதலாமவர் அவுட். இரண்டாமவர் அடித்தது நேரே ஒருவனின் கைக்குள் போனது. அப்போது வாங்குக் குழியிலிருந்து ஒரு ஆள் துடுப்போடு படியேறி வந்தார். அகலத் தோள். என்னுடைய எழுத்து.

மனைவி எழும்பிவிட்டாள். தாய் எழும்பவில்லை, எழும்ப முடியவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் ஆட வரவில்லை. அடுத்ததாக ஆடுபவர் நிற்கும் வட்டத்தில் போய் நின்றார். அவருக்கு முன் இன்னொருவர் இருந்தார். அந்த மற்றவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது, மிராண்டா வட்டத்தில் நின்றபடியே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வட்டத்தில் நின்றதை யாரும் எழுதமாட்டார்கள்.

அந்த மற்றவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நெட்டையன், சுயிங்கம் சப்பிக்கொண்டிருந்தான், வீட்டுக்குப் போகும் அவசரம் முகத்தில் தெரிந்தது. முதல் பந்தை வீசியடித்துத் தவறவிட்டான். இரண்டாவதையும் தவறவிட்டான். மூன்றாவதையும் விட்டால் முடிந்தது. றீற்றா என் முழங்கையைப் பிடித்த பிடியில் மூன்று நாள் கன்றியிருந்தது. டொக்ரர் அழக்கூடாது என்று சொன்னாரா இல்லையா என்று யோசித்தேன்.

அப்போது நெட்டையன் திரும்பி வட்டத்தைப் பார்த்தான். மிராண்டாவைத்தான் பார்த்தான். என்ன நினைத்தானோ, சுயிங்கத்தைத் துப்பிவிட்டு, காலை ஊன்றி நின்றான். அதன்பிறகு வந்த நல்ல பந்துகளை எல்லாம் பக்கக் கோட்டுக்கு வெளியே தட்டித் தட்டி விட்டான், அதற்கு ஓட்டமும் இல்லை, அவுட்டும் இல்லை. எட்டாமல் போன கெட்ட பந்துகளைத் தொடவில்லை. தோற்றுப்போன ஆட்டத்தில், வெறும் கதிரைகளுக்கு முன்னால், ஒரு மனிதன் அவுட்டாகாமல் இருப்பதற்கு அப்படிப் பாடுபட்டதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நாலாவது கெட்ட பந்தும் வந்தது. நாலு கெட்ட பந்து வந்தால் அடித்துவிட்டு ஓடிச் சேரவேண்டிய முதலாம் தளத்துக்கு அடிக்காமலே நடந்து போகலாம். போகிற போக்கில் துடுப்பை மிராண்டா பக்கமாக உருட்டிவிட்டுப் போனான்.

ஒலிபெருக்கியில் பெயர் வந்தது. மீதியிருந்த சனம், நூறோ இருநூறோ, என்ன நடக்கிறதென்று விளங்கியவர்களாக எழும்பி நின்றார்கள்.

முதல் பந்தை விட்டார். இரண்டாவதை வீசித் தவறவிட்டார், தொப்பி கழன்று விழுந்தது. மூன்றாவது பந்தை அடித்தார். பட்ட சத்தம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பந்து நிலத்தோடு உருண்டு ஒரு தடுப்பாளனின் கைக்குப் போனது. பந்து வருமுன் முதலாம் தளத்தை மிதிக்கவேண்டும், மிராண்டா ஓடினார். பருத்த கால், முப்பத்தொரு வயது, பதினொரு வருடம் குந்தியிருந்த முழங்கால். எறிந்த பந்து அவருக்கு ஒரு எட்டு முன்னால் முதலாம் தளத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் அதைப் பார்த்தும் நிற்கவில்லை, தளத்தை மிதித்து, தாண்டி, சுவர் கிட்ட வருமட்டும் ஓடினார்.

நடுவர் கையை மடக்கித் தூக்கினார். ஆட்டம் முடிந்தது. மற்ற அணி கைகுலுக்க வரிசைகட்டத் தொடங்கியது.

இவ்வளவுக்கும் பிறகு இவ்வளவுதானா என்று தாயின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். எங்கள் ஊரில் மகன் அவுட்டானால் தாய்மார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, காற்றையும் நடுவரையும் திட்டுவார்கள். போனில் தகப்பனின் குரல் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

தாய் எழும்பினார். போனை இரண்டு கையாலும் வாய்க்கு முன்னால் பிடித்தார். கண்ணீர் கன்னத்தில் ஓட, ஊர்கூட்டும் குரலில் கத்தினார்.

"அவுட்! அவுட்! அவுட்!"

அந்தச் சொல்லுக்கு றீற்றாவின் மொழிபெயர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை. அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். என் மகன் அவுட்டாகிவிட்டான், ஆடி அவுட்டாகிவிட்டான் என்று ஒரு தாய் கூத்தாடினார். மருமகளைக் கட்டிப்பிடித்தார், என்னைக் கட்டிப்பிடித்தார், மறுபடி போனில் கத்தினார்.

போனில், கரண்ட் இல்லாத அந்தத் தெருவில் தகப்பன் யாருக்கோ திரும்பி அதைச் சொல்வது கேட்டது. பிறகு ஒருவர், இருவர், பத்துப் பேர் என்று தொடங்கி, ஒரு தெரு முழுவதும் கைதட்டியது.